எனக்கும் ஒண்ணு

"அஞ்சு காலேஜா? எதுக்கும்மா அஞ்சு? போயி உக்காரப் போறது ஒரே இடத்துலதானே!"

பெயிண்ட் கடைக்காரர் காகிதத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எதிரில் அவருடைய தங்கை மகள் நின்றுகொண்டிருந்தாள். நிற்கத்தான் வேண்டும். அந்த அறையிலிருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் அவருடைய கால்கள் இருந்தன.

அறையும் அவருடையதுதான். வீட்டின் பின்பக்கம் காலி டப்பாக்கள் போட்டுவைத்திருந்த இடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கையின் கணவன் லாரியோடு கவிழ்ந்து செத்துப்போனபோது, டப்பாக்களை வெளியே எடுத்துவிட்டுத் தங்கையையும் அவள் மகளையும் உள்ளே வைத்தார். ஒருநாளும் வாடகை கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அந்த அறையில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. நல்ல மனிதர். அதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வதால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

"எல்லாத்துலயும் கிடைச்சிரும்னு சொல்ல முடியாது மாமா. எங்க மிஸ்தான் அஞ்சாறு போடச் சொன்னாங்க. ரெண்டு பெரிய காலேஜ், ரெண்டு சுமாரானது, ஒண்ணு நிச்சயமா கிடைக்கிறது."

"உங்க மிஸ்ஸா வந்து பீஸ் கட்டப் போறாங்க? ரெண்டு போதும். வெளியூரெல்லாம் அடிச்சிரு. ஹாஸ்டல் நமக்கு ஆகாது."

பேனாவை எடுத்து அவரே மூன்றை அடித்தார். கோடு இம்மி பிசகவில்லை; சுவரில் இரண்டு நிறத்துக்கு நடுவே எல்லை போட்டுப் பழகிய கை. மிஞ்சியவை இரண்டு. பஸ்ஸில் போகவேண்டிய பெண்கள் கல்லூரி ஒன்று. கடைத்தெருவைத் தாண்டி மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கல்லூரி இன்னொன்று. மகளுக்கு வேண்டியது அந்தப் பழைய கல்லூரிதான். தாவரவியலுக்கு அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. மாமாவின் பேனா அதைத் தொடாமல் போனதில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது அடுப்புப் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு."

"இப்பத்தானே குடிச்சே?" என்றார் அண்ணன். டீயைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"டீ இல்லண்ணே. காலேஜு."

அவர் காலை நாற்காலியிலிருந்து இறக்கினார்.

அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. இரத்தமும் மருந்தும் பட்ட படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து, உலர்த்தி, மடித்து, வார்டு வார்டாக அடுக்கி அனுப்ப வேண்டும். பிளீச்சிங் பவுடர் வாடை எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவளை விட்டுப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் முதல் மாணவி என்பது மகளுக்குக்கூட அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானும் அப்ப அஞ்சு காலேஜு எழுதி வெச்சிருந்தேண்ணே. உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா சுருக்கினாரு. சுருக்கிச் சுருக்கிக் கடைசில ஒரு மாப்பிள்ளையில கொண்டாந்து நிறுத்திட்டாரு. இப்ப எனக்கு அஞ்செல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. மணிக்கூண்டு காலேஜுல சாயங்கால வகுப்பு இருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து நடந்தே போயிரலாம். வேற எங்கயும் எனக்குத் தோதுப்படாது."

"என்ன படிக்கப் போறே?"

"சரித்திரம்."

"படிச்சு?"

"படிக்கத்தாண்ணே."

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"பொண்ணு காலேஜு போற வயசுல உனக்குப் படிப்புக் கேக்குதா? புருஷன் இல்லாதவ. சாயங்காலம் ஆனா சிங்காரிச்சிக்கிட்டுக் கிளம்பினா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நான் எங்கண்ணே சிங்காரிக்கிறேன்? இதே சேலையோடதான் போகப் போறேன்."

"கிளம்பறதே சிங்காரந்தான்."

விடிவதற்கு முன்னால் ஊரார் அழுக்கைத் துவைக்கக் கிளம்பினால் அது பிழைப்பு. பொழுது சாயும்போது புத்தகத்தோடு கிளம்பினால் அது சிங்காரம். கணவனை இழந்தவளுக்கு யாரோ எழுதிவைத்த சட்டம் இது. எழுதியவர் யாரென்று தெரியாவிட்டாலும் காவல் காப்பவர்களுக்குக் குறைவில்லை. நாலு பேர் பேசுவார்கள் என்கிறாரே, அந்த நாலு பேரில் முதல் ஆள் அவர்தான்.

ஆனால் அம்மாவை அன்றைக்கு உண்மையில் குத்தியது அண்ணனின் பேச்சு அல்ல. மகள் பேனாவை எடுத்து, தனக்கு அவ்வளவு வேண்டியிருந்த மணிக்கூண்டுக் கல்லூரியைத் தானே அடித்தாள்.

"எனக்கு பஸ் காலேஜே போதும் மாமா."

"பார்த்தியா, சின்னப் பிள்ளைக்கு இருக்கிற புத்தி!" என்று எழுந்துபோனார் மாமா.

மகளுக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை, வெட்கம்தான். காலை வகுப்பும் லேபும் முடிந்து சாயங்காலம் தோழிகளோடு படியிறங்கும்போது அதே படியில் அம்மா ஏறிவருவாள். வெளுத்துப்போன விரல்கள், அந்த வாடை, கையில் நோட்டு. 'உங்கம்மாவா? எந்த வருஷம்?' என்று யாராவது கேட்பார்கள். அந்த நினைப்பே அவள் உடம்பைக் கூசச்செய்தது.

மாமா போன பிறகு அம்மா கொடியிலிருந்த துணிகளை எடுத்து மடிக்க உட்கார்ந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அந்தக் காலேஜை எதுக்கு அடிச்சே?"

"சும்மாதான்."

"சும்மா ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். நீ அதையே போடு. உன்னுது காலையில, என்னுது சாயங்காலம். கட்டடந்தான் ஒண்ணு. எதிர்ல பார்த்தாலும் நான் தெரியாத மாதிரிப் போயிடறேன்."

எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதும் அம்மாவின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். இவள் கேட்டது வேறு.

"சத்தியமாவா?"

அம்மா ஒரு தலையணை உறையை உதறி மடித்து வைத்தாள்.

"சத்தியமா."

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளன்று அம்மா யாரிடமோ கெஞ்சி மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். மகள் முன்னால் போனாள். அம்மா தெருமுனைப் பால் கடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்னால் போனாள். பேசிவைத்துக்கொண்டபடியேதான்.

கல்லூரி அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். காலை வகுப்புக்கும் சாயங்கால வகுப்புக்கும் அதே ஜன்னல், அதே குமாஸ்தா. வெயில் வராந்தாவுக்குள் பாதி ஏறியிருந்தது. மகள் தன் பள்ளித் தோழி ஒருத்தியைக் கண்டுபிடித்து அவளோடு வரிசையில் சேர்ந்துகொண்டாள். அவளுடைய படிவத்தைக் குமாஸ்தா புரட்டினார். பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து இருந்தது.

"அப்பா?"

"இல்ல சார். இறந்துட்டாரு."

"சரி, அம்மா போட்டா போதும்." முத்திரை குத்தினார்.

வேலை முடிந்தும் அவள் போகவில்லை. தோழி அறிவிப்புப் பலகையைப் பார்க்கவேண்டும் என்றாள். இவளும் கூட நின்றாள். ஆனால் கண் வரிசையின் பின்பக்கமே போயிற்று.

அம்மாவுக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர் நின்றிருந்தார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. சாயங்கால வகுப்புக்கு என்று படிவத்தை நீட்டியதும் பின்னாலிருந்து ஒருவர், "படிப்புக்கு ஏதுங்க வயசு! இந்தக் காலத்துப் பசங்க உங்களப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமோதித்தார்கள். குமாஸ்தாகூட எழுந்து கைகொடுத்தார். பாதுகாவலர் பகுதியில் தன் பேனாவாலேயே குறுக்கே கோடு இழுத்து, பொருந்தாது என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது அம்மா.

"பொண்ணு எங்கம்மா? பொண்ண வரச்சொல்லுங்க."

"பொண்ணுக்கு இல்லீங்க. எனக்கு."

குமாஸ்தா கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வரிசையில் ஒரு பையன், "ஆன்ட்டி, யூனிபார்ம் தச்சாச்சா?" என்றான். குபீரென்று சிரிப்புக் கிளம்பியது. சற்று முன்னால் வயதேது என்று கேட்டாரே, அவரும் சிரித்தார். தோழி மகளின் தோளில் சாய்ந்துகொண்டு, "பாவம்டி, வீட்ல யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க போல" என்றாள்.

மகளும் சிரித்தாள்.

எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்களே, அதற்காகச் சிரித்தாள். ஆனாலும் நன்றாகவே சத்தம் வந்தது. பத்துச் சிரிப்புக்கு நடுவில் தன் பிள்ளையின் சிரிப்பைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அம்மாவின் கழுத்து லேசாக அசைந்தது. கொடுத்த சத்தியத்துக்காக அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாதுகாவலர் கையெழுத்து இல்லையே?" என்றார் குமாஸ்தா.

"நானே பெரிய மனுஷிதானே சார்."

"அதெல்லாம் சரிம்மா. பெண்கள்னா பாதுகாவலர் போடணும். புருஷன், அப்பா, அண்ணன், யாராவது."

"இப்ப முன்னாடி போனவருக்கு…"

"அவரு ஆம்பள. வேலைக்குப் போறாரு."

"நானும் போறேன் சார். பெரிய ஆஸ்பத்திரியில."

"என்னையக் கேட்டா? ரூல்ஸ எழுதினவன் எவனோ. அஞ்சு மணி வரைக்கும் ஜன்னல் திறந்திருக்கும். வாங்கிட்டு வாங்க. அடுத்தது யாரு?"

'சற்றுமுன் ஒரு பெண்ணுக்கு என் கையெழுத்தைப் பார்த்துத்தானே முத்திரை குத்தினீர்கள், என் பெண்ணுக்குச் செல்லும் கை எனக்குச் செல்லாதா?' என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிடும். அம்மா படிவத்தை வாங்கிக்கொண்டு வராந்தாவை விட்டு இறங்கினாள். மகளைக் கடந்து போகும்போது தெரியாத மாதிரியே போனாள்.

சொன்ன சொல்லை அவ்வளவு கச்சிதமாக அம்மா காப்பாற்றியதை மகளால் தாங்க முடியவில்லை. தோழியிடம் எதையோ சொல்லிவிட்டு, கூப்பிடவும் வாய் வராமல், தூரத்திலேயே பின்னால் நடந்தாள்.

அம்மா நேரே அண்ணனின் கடைக்குப் போனாள். அவர் ஒரு வாடிக்கையாளருக்காகக் குச்சியை விட்டுப் பச்சையைக் கலக்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் டப்பாவோடு போகும்வரை காத்திருந்து அம்மா படிவத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

"நான் போட மாட்டேன்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஊருக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

"என்னண்ணே ஏதாவது ஒண்ணு? ஆறு வருஷமா விடிகாலையில இருட்டுல போயிட்டு வரேன். அப்பல்லாம் ஆகாதது காலேஜு வாசல்ல ஆயிடுமா?"

"எதிர்த்துப் பேசணும்னு பேசாதே. உன் பொண்ணுக்கு நான் இல்லேன்னு சொன்னேனா? அவள படிக்க வெச்சு ஒரு நல்ல இடத்துல குடுத்துட்டா உன் கடமை முடிஞ்சுது. நடுவுல நீ போயி காலேஜுல நோட்டும் கையுமா நின்னா, நாளைக்கு அவளுக்கு எவன் வருவான்?"

"அவ ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்றே."

அண்ணன் பெருமூச்சு விட்டார். தங்கைமேல் அவருக்கு நிஜமாகவே பரிதாபம் வந்தது. பரிதாபம் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

"அவ சொல்லலையா? இதோ வாசல்ல வந்து நிக்கிறாளே, அவளையே கேளு. முந்தாநாள் இதே இடத்துல நின்னுக்கிட்டு, 'மாமா, நீங்க கண்டிச்சு சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க, எனக்கு வெளியில தல காட்ட முடியாது'ன்னு அழுதா. உன் வயித்துப் பிள்ளைக்கே வெக்கமா இருக்கு. நான் எப்படிம்மா போடறது?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். மகள் கடைப்படியில், கலக்கிவைத்த வண்ணங்களின் மாதிரி அட்டை தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதது நிஜம். சொன்னதும் அதே வார்த்தைகள்தான். பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது அவளுக்கு. பூமி அப்படியெல்லாம் யாருக்கும் வசதி செய்து கொடுப்பதில்லை.

திட்டியிருக்கலாம். அறைந்துகூட இருக்கலாம். அம்மா படிவத்தை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நகத்தால் ஒருமுறை நீவிக்கொண்டாள். படியிறங்கி வந்தாள்.

"சோறு அடுப்புமேலயே இருக்கு. போயி சாப்பிடு. நான் வேலைக்குப் போறேன்."

"அம்மா…"

"வெயில்ல நிக்காதே."

மன்னிப்பு என்ற சொல் மகளின் தொண்டைவரை வந்தது. அவ்வளவு பெரிய வேலைக்கு அந்தச் சிறிய சொல் காணாது என்று அவளுக்கே தெரிந்தது. அம்மா பத்தடி நடந்துவிட்டாள். மகள் ஓடிப்போய் முன்னால் மறித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்த பாரத்தக் குடும்மா."

"எதுக்கு?"

"குடேன்."

"கிழிக்கணும்னா நானே கிழிச்சுக்கறேன். உன் சீட்டுக்கு ஒண்ணும் வராது, பயப்படாதே."

"அய்யோ, அதுக்கில்லம்மா. என்கூட வா. ஒரு தடவ வா."

கடைத்தெரு முழுக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். மகள் வழியில் ஒரு தடவை அம்மாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

ஜன்னலில் கூட்டம் குறையவில்லை. கடைசி நாள் கூட்டம் அப்படித்தான் இருக்கும். யூனிபார்ம் கேட்ட பையன் தின்பண்டம் வாங்கிவந்து தூணில் சாய்ந்து தின்றுகொண்டிருந்தான். தோழி இன்னும் போகவில்லை. இவளைக் கண்டதும் கையசைத்தாள். கூட வருவது யாரென்று பார்த்ததும் அசைத்த கை பாதியில் நின்றது. மகள் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். முறை வந்ததும் படிவத்தை அவளே உள்ளே நீட்டினாள்.

"அண்ணன் போட்டாராம்மா?" என்று குமாஸ்தா அம்மாவைக் கேட்டார்.

"நான் போடறேன் சார்," என்றாள் மகள்.

"நீயா? நீ யாரு?"

குரல் எழும்பவில்லை. பின்னால் சலசலப்பு நின்றுபோயிருந்தது.

"மக."

"யாரோட மக?"

"இவங்களோட மக. இவங்க எங்கம்மா." இந்தத் தடவை வராந்தாவின் கடைசி ஆளுக்கும் கேட்டது. "காலையில என் பாரத்துல இவங்க கையெழுத்தப் பார்த்துத்தான் சார் நீங்க சீல் குத்தினீங்க. அம்மா எனக்குப் போட்டா செல்லும்போது நான் அம்மாவுக்குப் போட்டா செல்லாதா? பதினெட்டு முடிஞ்சிருக்கு. என் பிறந்த தேதியும் உங்ககிட்டயே இருக்கு."

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகினார். எடுத்தார். உள்ளே திரும்பி யாரையாவது கேட்கலாமா என்று பார்த்தார். உள்ளே எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

"பெத்த தாய்க்குப் பொண்ணு பாதுகாவலரா? நான் கேள்விப்பட்டதே இல்லம்மா."

"ஆம்பளதான் போடணும்னு அதுல எழுதியிருக்கா சார்?"

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் அச்சடித்துக்கொண்டிருப்பார்கள்?

"என்னமோ பண்ணுங்க. இங்க உறவுமுறை எழுது. கீழ உறுதிமொழியப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. படிக்காமப் போடாதே, அப்புறம் எங்களச் சொல்லக்கூடாது."

மகள் ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். பிறகு கீழே குனிந்து படித்தாள். சின்ன எழுத்தில் அடித்திருந்தது. மேற்படி மாணவியின் நடத்தைக்கும் ஒழுக்கத்துக்கும் நானே முழுப் பொறுப்பு. அவரால் யாருக்கும் தலைகுனிவு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி கூறுகிறேன்.

பேனா காகிதத்தைத் தொடவில்லை. கண்ணீர் எழுத்தின் மேல் விழுந்துவிடாமல் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் அடிக்குரலில். "இத நான் எப்படிம்மா போடறது?"

அம்மாவும் எட்டி அந்த இரண்டு வரியைப் படித்தாள். நிதானமாகப் படித்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"போடு," என்றாள். "நான் பொறுப்பாத்தான் நடந்துக்குவேன்."